இளங்கோ கொண்டுவந்த சாம்பிள்

கடலூரில் நான் வேலை பார்த்த குழந்தைப்பேறு மருத்துவமனையில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் விந்துப் பரிசோதனைக்கு ஆண்கள் நேரில் வர வேண்டியதில்லை. போன் செய்தால் பாட்டில் வீடு தேடி வரும். ஆள் வந்து வாங்கிக்கொண்டும் போவார். என்னோடு லேபில் இருந்த ஹேமா அதைப் படம் பிடித்து அனுப்பி, “நீங்க இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பீங்களா ஸ்டெல்லாக்கா?” என்று கேட்டிருந்தாள்.

மாட்டேன் என்று பதில் போட்டேன். ஏன் என்றாள். போனில் கட்டைவிரலால் தட்டிச் சொல்லுகிற விஷயம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ரத்தம், சிறுநீர், சளி என்று சில இடங்களில் பார்த்துவிட்டுத்தான் இந்த மருத்துவமனைக்கு வந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது, “நீ என்னம்மா டெஸ்ட் பண்ற?” என்று கேட்டால், “எல்லாந்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆண்களும் அப்படித்தான் என் முன்னால் வந்து நிற்பார்கள். பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுப்பார்கள், செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். ஒருவர் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிக் கொண்டுவந்தார். வாங்குகிறவள் பொம்பளை என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு என் முகத்தைப் பார்க்க முடியாது.

முகத்தைப் பார்க்காதவர்கள் எல்லாரும் வெட்கப்படுகிறவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போகப் போக அவர்களில் சிலர் பொய் சொல்கிறவர்கள் என்று புரிந்தது. அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் சந்தேகம். அது வீடுவரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் பால்காரர் “இப்பதான் கறந்ததும்மா” என்றால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.

பெரும்பாலான பொய்கள் குடியைப் பற்றியவை. குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களில் குடிக்கிறவன் தானாக அதைச் சொல்லவே மாட்டான். எங்கள் மல்லிகா டாக்டருக்கு அது தெரியும். வாரத்தில் சில நாள் சிதம்பரத்திலும் மற்ற நாட்கள் கடலூரிலும் பார்ப்பார். சன்னமான குரல். நோயாளி பேசும்போது எதையும் எழுத மாட்டார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். ஒரே கேள்வியை வேறு வேறு வேஷத்தில் கேட்பார்.

“தண்ணி போடுவீங்களா?”

“பழக்கமில்ல டாக்டர்.”

“எப்பவாவது?”

“பங்ஷன்னா... லைட்டா.”

“மாசத்துல எத்தன பங்ஷன் வரும்?”

அங்கேதான் ஆள் திணறுவான். டாக்டர் சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். “சரி, ஞாயித்துக்கிழம கறி எடுத்தா கூட என்ன வாங்குவீங்க?” என்று அடுத்த வாசல் வழியாக நுழைவார். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்ததுமே, “டெய்லி குடிப்பேன் டாக்டர், பொய் சொல்லி என்னாவப் போவுது” என்றார். அவருக்கு விந்தணு பாதியாகக் குறைந்திருந்தது. இருந்ததிலும் பலவற்றுக்குத் தலை கோணல். நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்தினார். சில மாதம் கழித்து வந்த சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வேறு ஆளுடையதோ என்று எனக்குச் சந்தேகமே வந்தது. அவருடையதுதான், என் கண் முன்னால்தான் சாம்பிள் எடுக்கும் அறையிலிருந்து கொண்டுவந்தார்.

இளங்கோ வேறு மாதிரி.

சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதி ஒன்றில் சொந்த வீடு. அம்மா அங்கே இருந்தார். இளங்கோ சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். மனைவி நித்யாவோடு செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருந்தான். நித்யாவுக்குச் சேத்தியாத்தோப்பு. கல்யாணமாகி மூன்று வருஷம்.

முதல் தடவை டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குடி? இல்லை. பங்ஷன்? அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை? “நாங்க கறியே எடுக்கறதில்ல டாக்டர்.” எல்லா வாசலும் சாத்தியிருந்தது. நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு பேருக்கும் நடுவுல எல்லாம் சரியா நடக்குதாம்மா?” என்று கேட்டபோது அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கோம்” என்றாள்.

சாம்பிளை ஆஸ்பத்திரியில் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது, வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றான் இளங்கோ. பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு அதை அனுமதிப்போம். பாட்டிலை உடம்போடு ஒட்டிச் சட்டைக்குள் வைத்து, சூடு ஆறாமல், தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும்.

விந்து வெளியே வந்ததும் கஞ்சிக் கட்டி போல இருக்கும். உடல் சூட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இளகித் தண்ணீர் பதத்துக்கு வரும். இளகின பிறகுதான் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து எண்ண முடியும். இளங்கோ பாட்டிலை நீட்டி, “இப்பதான் சிஸ்டர், எடுத்த ஒடனே வண்டிய எடுத்துட்டேன்” என்றான். செம்மண்டலத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். முழுக்க இளகியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம், எல்லாம் அருமை. இப்போதுதான் எடுத்தது அதற்குள் எப்படி இளகியது என்பதுதான் எனக்கு உறுத்தியது. டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சில பேருக்கு சீக்கிரம் இளகும் ஸ்டெல்லா. ஒரு சாம்பிள வெச்சி ஒருத்தர சந்தேகப்பட வேணாம். வீட்ல எடுத்ததுன்னு ரிப்போர்ட்ல போடுங்க. அடுத்தது இங்க எடுக்கச் சொல்வோம்.”

அடுத்த தடவை அறைக்குள் போனவன் வெகு நேரம் வெளியே வரவில்லை. ஆயாம்மா இரண்டு முறை போய்க் கதவருகே நின்றுவிட்டு வந்தாள். கடைசியில் காலிப் பாட்டிலோடு வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. “இங்க வர மாட்டேங்குது சிஸ்டர்” என்றான். பாட்டிலைத் திருப்பித் தந்த கை நடுங்கியது. கூச்சத்தில் நடுங்குகிற கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இவன் கை, இன்னொரு நாள் வருகிறேன் என்று கையெழுத்துப் போடும்போதும், தண்ணீர் டம்ளரை எடுக்கும்போதும் நடுங்கியது.

இதற்குள் அந்த முதல் ரிப்போர்ட் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டது. இளங்கோவின் அம்மா நித்யாவோடு ஒருநாள் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் அர்ச்சனைக் கூடை. காத்திருக்கும் இடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “எம்புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு பேப்பர்லயே போட்டுருக்கான். கோளாறு யாருதுன்னு தெரிஞ்சி போச்சி. ஒரு முடிவு எடுக்க வேண்டியதுதான்” என்றார். என்ன முடிவு என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. நித்யா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எடுத்த பரிசோதனைகள் ஒன்றிலும் குறை இல்லை. ஆனால் குறை இல்லை என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இரண்டு பேருக்கும் குறை தெரியாததால் அடுத்த கட்டமாக, கணவனின் விந்தைச் சுத்தம் செய்து மனைவியின் கருப்பைக்குள் நேராகச் செலுத்துவது என்று முடிவானது. நித்யாவுக்கு ஊசிகள் போட்டு, ஸ்கேனில் கருமுட்டை பக்குவமான நாளைப் பார்த்துக் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு வராததால், அன்றைக்கும் இளங்கோ சாம்பிளை வீட்டிலிருந்தே கொண்டுவர டாக்டர் ஒத்துக்கொண்டார்.

காலையில் நித்யா தனியாக வந்து பச்சைத் துணி மாற்றிக்கொண்டு உள்ளே படுத்துவிட்டாள். நான் லேப் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஒரே வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்காமல் தன் சட்டைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து இளங்கோவிடம் கொடுத்தான். “சீக்கிரம் குடுத்துட்டு வா மச்சான், ஷிப்டுக்கு நேரமாவுது” என்றது எனக்குக் கேட்டது.

இளங்கோ பாட்டிலோடு வந்தான். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

“எப்ப எடுத்தீங்க?”

“இப்பதான், வீட்ல.”

“கடைசியா வெளியேறி எத்தன நாளாச்சி?”

எந்த ஆணும் யோசிக்காமல் சொல்லும் பதில் அது. இளங்கோ பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி வாசலைப் பார்த்தான். வண்டியில் இருந்தவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாலு நாள் இருக்கும்” என்றான் இளங்கோ.

பாட்டிலை, உடல் சூட்டில் வைக்கிற இன்குபேட்டருக்குள் வைக்கவில்லை. மேசையில் வைத்து ஒரு தட்டால் மூடிவிட்டு டாக்டரிடம் போனேன். என் சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு மனிதனை இதைவிட அவமானப்படுத்த முடியாது. சரியாக இருந்தால், அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்ணுக்குள் அவளுக்குத் தெரியாமல் வேறொருவனுடையதைச் செலுத்தியிருப்போம். அதற்குச் சுத்தம் செய்து கொடுத்த கை என்னுடையதாக இருந்திருக்கும்.

டாக்டர் என்னை முழுக்கப் பேசவிட்டார். பிறகு இளங்கோவைத் தன் அறைக்கு வரச் சொன்னார். என்னைப் போக வேண்டாம் என்று கைகாட்டினார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“இளங்கோ, நித்யா உள்ள படுத்திருக்காங்க. நீங்க குடுத்தத நான் அவுங்களுக்கு வெக்கப் போறேன். அதுல ஒரு கொழந்த பொறந்தா அது உங்கள அப்பான்னு கூப்புடும். வெக்கட்டுமா?”

அவன் மூடிக் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

அவன் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் டாக்டர்” என்றான்.

பிறகு கொட்டித் தீர்த்தான். வண்டியில் இருந்தவன் பாஸ்கர், கூட வேலை பார்ப்பவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இரண்டு தடவையும் அவனுடையதுதான். “குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே வரல டாக்டர். அதான் செஞ்சேன்.” ஷிப்டு முடிந்ததும் தொண்டையில் நிற்கும் நெடி போக வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவர்களோடு செட்டாகக் குடிக்கப் போனதில் தொடங்கியிருக்கிறது. கல்யாணமான புதிதில் பயம் போகக் குடித்துவிட்டு மனைவியிடம் போயிருக்கிறான். முடியவில்லை. முடியாத அவமானத்துக்கு இன்னும் குடித்தான். குடித்ததால் இன்னும் முடியவில்லை. கடைசியில் குடித்துவிட்டு ஹாலிலேயே படுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

“கம்பெனி கெமிக்கலாலதான் டாக்டர் எனக்கு இப்பிடி ஆயிருச்சி. எல்லாரும் சொல்றாங்க.”

“இருக்கலாம். அதையும் பாக்கலாம், டெஸ்ட் எழுதறேன். கெமிக்கலுக்கு மாஸ்க் போட்டுக்கலாம். குடிக்கு என்னத்தப் போடுவீங்க?” டாக்டரின் குரல் ஏறவில்லை. “குடிச்சா ஆச வரும், ஒடம்பு வராது. நரம்பு மந்தமாயிரும். நாள் ஆக ஆக ஆம்பள ஹார்மோனே கொறையும். அணு உருவாகறதும் கெடும். இன்னிக்கு வெளிய வர்ற அணு ரெண்டு மூணு மாசம் முன்னாடி ஒடம்புல உருவாக ஆரம்பிச்சது. இன்னிக்கு நிறுத்துனீங்கன்னா அதுக்கப்புறந்தான் பலன் தெரியும். நெறைய பேருக்குத் திரும்ப வருது. ஆனா மொதல்ல ஒண்ணு. நித்யாகிட்ட நீங்க சொல்லணும். இப்ப, இங்க. இல்லன்னா இந்த ட்ரீட்மெண்ட்ட நான் தொடர மாட்டேன்.”

நித்யா துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இளங்கோ சுவரைப் பார்த்தபடி சொன்னான். குடியை, தன்னால் முடியாமல் போனதை, பிறகு பாட்டிலை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது இதுதான்:

“அப்ப வேற பொம்பள யாரும் இல்லியா?”

அவன் திகைத்துப்போய் இல்லை என்று தலையாட்டினான். மூன்று வருஷமாக அவன் கிட்டே வராததற்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம் அது. அவன் தூங்கும்போது போனை எடுத்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்திருக்கிறாள். ஒரு நொடி அவள் முகத்தில் ஏதோ இளகியது. பிறகுதான் மீதி உறைத்தது.

“யாருது அது?”

“பாஸ்கரு.”

“பாஸ்கரண்ணனா? போன வாரம் என் கையால சோறு போட்டனே.” அவள் எழுந்துவிட்டாள். என்னிடம் வந்தாள். “அது எங்க இருக்கு சிஸ்டர்?”

“லேப்லதான்மா. கீழ கொட்டிருவேன்.”

“என் கண்ணு முன்னாடி கொட்டுங்க.”

வெளி ஆட்களை லேபுக்குள் விடுவதில்லை. டாக்டரைப் பார்த்தேன், தலையசைத்தார். நித்யா என் பக்கத்தில் நின்றாள். பாட்டிலைத் திறந்து பிளீச்சிங் கரைசலை ஊற்றினேன். விதிப்படி அது கொஞ்ச நேரம் ஊற வேண்டும். அவள் உட்காராமல் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டியில் ஊற்றித் தண்ணீர் விட்டேன். “பாட்டிலு?” என்றாள். கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டிக் காட்டினேன். “ஊசி போட்டப்ப, ஸ்கேன் எடுத்தப்பல்லாம் இத எதையும் உள்ள வெக்கலையே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. டாக்டரிடமும் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் போனாள். அன்று மத்தியானமே சேத்தியாத்தோப்பு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் இளங்கோவின் அம்மா வந்து கத்தினார். “மருமவ பேச்சக் கேட்டுக்கிட்டு எம்புள்ள ரிப்போர்ட்ட மாத்திட்டீங்க.” டாக்டர் எதையும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. “உங்க பையங்கிட்டயே கேளுங்கம்மா” என்றார். கேட்டாரா, அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்த அம்மா வரவில்லை.

இளங்கோ மனநல டாக்டரிடம் போனான். மருந்து சாப்பிட்டான். நிறுத்தினான், திரும்பத் தொடங்கினான், மறுபடி நிறுத்தினான். நடுவில் ஒருமுறை வந்தபோது நிறுத்திவிட்டேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்தான். கல்லீரல் டெஸ்ட் வேறு சொன்னது. அப்புறம் ஒரு நாள் யாரும் கூப்பிடாமல் தானாக வந்து, “இங்கயே குடுக்கறேன் சிஸ்டர்” என்றான். அறைக்குள் போகுமுன் அவன் பேண்ட் பாக்கெட்டைக் காட்டச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல் காட்டினான். வெகு நேரம் கழித்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வந்தான். கட்டியாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. இளகியபின் பார்த்தேன். கொஞ்சம்தான். பாதி அசையவில்லை. அசைந்தவையும் ஒரே இடத்தில் சுற்றின. நல்ல ரிப்போர்ட் இல்லை, ஆனால் அவனுடையது. அடுத்தடுத்த தடவைகளில் எண்ணிக்கை ஏறியது. நேராக ஓடுகிறவை கூடின.

நித்யா திரும்பி வந்தாள். எப்போது, என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கெடு வைத்து வந்திருக்கிறாள் என்று மட்டும் ஆயாம்மா சொன்னாள். அடுத்த வருஷம் ஊசி, மருந்து எதுவும் இல்லாமலே அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. டாக்டர் எனக்கு இனிப்பு கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே இளங்கோ தனியாக லேப் வாசலில் வந்து நின்றான். கைகள் நடுங்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“சிஸ்டர், என் அணுவுக்கு இது நிக்கிற அளவு பவர் இருந்துச்சா? இல்ல... அவ ரொம்ப நாளு சேத்தியாத்தோப்புல இருந்தா. கொழந்த என்னுதுதான்னு எப்புடித் தெரிஞ்சிக்கறது?”

ஆயுசெல்லாம் ஆட்களைச் சந்தேகப்பட்டே பழகியவள் நான். அந்தக் கேள்விக்கு எனக்கு உடம்பு எரிந்தது.

“பாஸ்கரோட பாட்டில அவளுக்குள்ள வெக்கச் சொல்லிக் குடுத்தீங்களே, அன்னிக்கி இந்தக் கேள்வி வரலியா இளங்கோ?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உங்க கடைசி சாம்பிள் நான் பாத்தது. ஒரு கொழந்தைக்கு அது போதும். அதுக்கு மேல தெரிஞ்சிக்கணும்னா ரத்தத்துல டெஸ்ட் இருக்கு. ஆனா அத எங்கிட்ட கேக்காதீங்க. அவுங்ககிட்ட போயி, அவுங்க மொகத்தப் பாத்துக் கேளுங்க.”

போய்விட்டான். அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. இவன் போய்க் கேட்டால் அந்தப் பெண் தாங்குவாளா என்று பயமாக இருந்தது. கேட்காமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கினால், திரும்ப மதுக்கடைக்குத்தான் போவான் என்றும் தோன்றியது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நித்யா மாதச் செக்கப்புக்கு வந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ரத்தம் எடுக்க என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டியவள், “அவரு ஒங்ககிட்ட வந்து என்ன கேட்டாருன்னு எங்கிட்ட சொல்லிட்டாரு சிஸ்டர்” என்றாள்.

எடுத்த ஊசியைத் தட்டில் வைத்தேன். “கோவம் வரலியாம்மா?”

“வந்துச்சி. ரெண்டு நாளு பேசல. அப்புறம் நெனச்சிப் பாத்தேன். யாரும் மெரட்டாம அவரா வந்து எங்கிட்ட சொன்ன மொத உண்ம இதான்.”

“டெஸ்ட் எடுக்கணும்னாரா?”

“எடுத்துக்கோன்னு நாந்தான் சொன்னேன். வேணாம்னுட்டாரு.”

ரத்தம் எடுத்து முடித்தேன். பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொன்னேன். கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்டேன்.

“இப்ப அவர நம்புறியா?”

அவள் சிரித்தாள். “எங்க சிஸ்டர்! சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டா போயி வாசல மறிச்சிக்கிட்டு நின்னுடுறேன். அவரே செருப்பக் கூட கழட்டாம, குனிஞ்சி என் மூஞ்சில ஊதுறாரு. பக்கத்து வூட்டுக்காரங்க பாக்குறாங்களேன்னு எனக்குதான் வெக்கமா இருக்கு. மோந்து பாத்துட்டு அப்புறந்தான் உள்ள விடுறது.”

“எத்தன நாளைக்கு இப்பிடி?”

“நானும் அதத்தான் கேட்டேன். நீ போதும்னு சொல்ற வரைக்கும் ஊதறேன்னாரு.” பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று ஒருமுறை அழுத்திச் சோதித்துவிட்டு அவள் எழுந்தாள். “நான் இன்னும் சொல்லல.”